தன்னுண்ணலும் மலை மூலிகைகளும்: ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியிலும் பழனி மலையிலும் வளரும் செடிகொடிகளில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியப் பெருமக்களுக்கும், அவ்வாய்வுகளுக்கு ஒப்புதலும் நிதியும் வழங்கும் குழுவினருக்கும் வணக்கம்.

குன்னூரில் மருந்தாளுநராகப் பணியாற்றி வருபவன் நான். மருந்தியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளைச் சமர்ப்பிக்கும் முன் என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. கோவையில் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றுத் திரும்பும் நோயாளிகள் மருந்துச் சீட்டோடு, அந்தச் சீட்டில் இல்லாத பொடிகளையும் லேகியங்களையும் கொண்டுவந்து, சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்பதும் உண்டு. இவ்விரு தரப்பினரும் சொல்வதை ஒரே மேசையில் இருந்து கேட்பவன் என்ற முறையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். “இச்செடியின் சாறு தன்னுண்ணலைத் தூண்டிப் புற்றுச் செல்களை அழிக்கிறது” என்ற வாக்கியம் அண்மைக்கால ஆய்வேடுகளில் செடியின் பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. ஆய்வேட்டில் அது ஒரு முடிவுரை வரியாக இருக்கிறது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தியாகிறது. அங்கிருந்து புட்டியில் ஒட்டும் தாளுக்கு வந்துவிட்டால் நோயாளி அதை மருத்துவர் சொன்ன வார்த்தையாகவே எடுத்துக்கொள்கிறார். அந்த வாக்கியத்தை எழுத அனுமதிக்கும் முன் நீங்கள் மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன என்பதும், அவற்றுள் முதலாவது “தூண்டியது நல்லதற்கா, கெடுதலுக்கா?” என்பதும் என் தாழ்மையான கருத்து.

ஆட்டோஃபேஜி என்று அறிவியலில் வழங்கும் தன்னுண்ணல், செல்லானது தன்னுள் பழுதுபட்ட புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியா போன்ற உறுப்புகளையும் இரட்டைச் சவ்வுப் பையொன்றில் சுற்றி, லைசோசோம் என்னும் செரிப்புப் பையோடு இணைத்துச் சிதைத்து, கிடைத்த மூலப்பொருளை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் முறையாகும். பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியான் டி டூவ் 1963-இல் இதற்குப் பெயரிட்டார். ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 1990களின் தொடக்கத்தில் ஈஸ்ட் செல்களில் இதற்கு இன்றியமையாத மரபணுக்களைக் கண்டறிந்தார். அதற்காக 2016-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்தப் பரிசுக்குப் பிறகு நம் ஊர்களில் நடந்தது உங்களுக்கும் தெரியும். ஏகாதசி விரதத்துக்கே நோபல் பரிசு கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வலம்வந்த செய்தியைப் படித்தவர்கள், பட்டினி கிடந்தால் உடம்பே புற்றுநோயைத் தின்றுவிடும் என்று நம்பத் தொடங்கினார்கள். விரதம் இருப்பவர் இருக்கட்டும். அது அவரவர் வழக்கம். கீமோ பெற்று உடல் எடை குறைந்துகொண்டே வரும் ஒருவரை, இட்லியைக்கூட ஒதுக்கிவிட்டு மூலிகைச் சாறு மட்டும் குடிக்கச் சொல்லும் உறவினரைப் பார்க்கும்போதுதான் இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது புரிகிறது.

தன்னுண்ணல் புற்றுநோயைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 1999-இல் பெத் லெவின் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, தன்னுண்ணலுக்குத் தேவையான பெக்லின் 1 என்னும் புரதம் மார்பகப் புற்றுச் செல்களில் குறைந்திருப்பதையும், அதை மறுபடி ஊட்டினால் எலிகளில் கட்டி உருவாக்கும் திறன் அச்செல்களுக்குக் குறைவதையும் காட்டியது. அந்த மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்றை இழந்த எலிகளுக்குத் தானாகவே கட்டிகள் கூடுதலாக வருகின்றன என்று 2003-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. பழுதடைந்த உறுப்புகளை உடனுக்குடன் அப்புறப்படுத்தும் செல்லில் மரபணுச் சிதைவும் அழற்சியும் குறைவு. ஆகவே புற்று தொடங்குவதும் அரிது. இதுவரைக்கும் நம் ஆய்வேடுகள் சொல்வது சரி.

ஆனால் கட்டி ஒருமுறை வேரூன்றிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறக்கூடும் என்பதுதான் அடுத்த பத்தாண்டுகளில் தெரியவந்த செய்தி. இரத்த ஓட்டம் எட்டாத கட்டியின் நடுப்பகுதியில் உயிர்வாயுவும் உணவும் பற்றாக்குறையாக இருக்கும்போது, பஞ்ச காலத்தில் பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களை விற்று அரிசி வாங்கும் குடும்பத்தைப் போல, புற்றுச் செல் தன் உறுப்புகளையே உடைத்து நாளைக் கடத்துகிறது. கீமோ மருந்தும் கதிர்வீச்சும் கொடுக்கும் அடியிலிருந்து மீள்வதற்கும் அதே வழியைக் கையாள்கிறது. ராஸ் மரபணு மாற்றத்தால் உந்தப்படும் புற்றுகளும், குறிப்பாகக் கணையப் புற்றும், தன்னுண்ணலைச் சார்ந்தே வளர்கின்றன என்பதை 2011-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஏற்கெனவே கணையப் புற்றுள்ள ஒருவருக்குத் தன்னுண்ணலைத் தூண்டும் சாற்றைக் கொடுப்பது, நோய்க்குச் சோறு போடுவதாகவும் முடியலாம். எந்தப் புற்று, எந்தக் கட்டம், எந்தச் சிகிச்சையோடு சேர்த்து என்ற மூன்றும் சொல்லப்படாத வரை, “தூண்டுகிறது” என்ற வினைச்சொல்லால் நோயாளிக்குப் பயனில்லை.

செடிப் பொருள்களை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். மஞ்சளின் குர்குமின், மூளைப் புற்றுச் செல்களில் எம்-டார் என்னும் ஊட்டநிலை உணரும் பாதையை அடக்கித் தன்னுண்ணலைத் தூண்டுவதாக 2007-இல் வெளியானது. நிலவேம்பின் ஆன்ட்ரோகிராஃபோலைட் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அது அந்த இரட்டைச் சவ்வுப் பையும் லைசோசோமும் இணைவதைத் தடுத்து, தன்னுண்ணலைப் பாதியில் நிறுத்தி, அதன்மூலம் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்துக்குப் புற்றுச் செல்லை எளிதில் பலியாக்குகிறது என்று 2012-இல் காட்டப்பட்டது. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றொன்று அடைக்கிறது. கடையிலோ இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கலந்து, “புற்றை எதிர்க்கும் கூட்டு மூலிகை” என்று விற்கிறார்கள். பழனி மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டிப் பயிரிடும் கண்வலிக்கிழங்கின் கோல்சிசினையும், எல்லா ஊர் வாசலிலும் பூக்கும் நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டினையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் செல்லின் நுண்குழல்களைக் குலைப்பவை. நுண்குழல் வழியாகத்தான் அந்தப் பைகள் லைசோசோமை நோக்கி நகர வேண்டும் என்பதால், இவற்றைக் கொடுத்த செல்லில் பைகள் தேங்கி நிற்கும். நுண்நோக்கியில் பார்த்தால் பைகள் நிறைய இருக்கின்றன, ஆகவே தன்னுண்ணல் கூடியிருக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் வழி அடைபட்டிருக்கிறது.

என் பார்வையில் இவ்வாய்வேடுகளின் முக்கியமான தொழில்நுட்பக் குறை இதுதான், ஆதலால் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, செல்களுக்குச் சாற்றைக் கொடுத்து, எல்.சி.3 என்னும் புரதத்தின் இரண்டாம் வடிவம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அடர்ந்து தெரிகிறதா என்று பார்ப்பது. அது பையின் சவ்வில் ஒட்டியிருக்கும் புரதம் என்பதால், பைகள் மிகுந்தாலும் அடர்ந்து தெரியும், பைகள் செரிக்கப்படாமல் தேங்கினாலும் அடர்ந்து தெரியும். எது நேர்ந்தது என்று அறிய, லைசோசோமை அடைக்கும் பாஃபிலோமைசின் அல்லது குளோரோகுயின் மருந்தைத் தனியாகவும் சாற்றோடு சேர்த்தும் கொடுத்து ஒப்பிட வேண்டும். அடைப்பானோடு சேர்த்தபோது எல்.சி.3 மேலும் ஏறினால் உண்மையிலேயே தூண்டல் நடந்திருக்கிறது. ஏறவில்லை என்றால், சாறும் அந்த அடைப்பானைப் போலவே வழியை அடைத்திருக்கும் என்ற ஐயம் வலுப்படுகிறது. தன்னுண்ணலால் சிதைக்கப்படும் பி62 என்னும் புரதம் குறைகிறதா, கூடுகிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் விளக்கும் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் டேனியல் கிளியோன்ஸ்கி முதலானோரால் 2008 தொடங்கிப் பலமுறை திருத்தி வெளியிடப்பட்டுள்ளன. நான் படித்த ஆய்வேடுகளுள் பலவற்றில் இந்த ஒப்பீடு இல்லை. இது இல்லாமல் “தூண்டியது” என்று எழுதுவது, பாதை நடுவே வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் போக்குவரத்து நன்றாக நடக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதற்குச் சமம். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு வியப்பளிக்கும் விஷயம் ஒன்று உண்டு. புற்றுநோயில் தன்னுண்ணலை மாற்றியமைக்கும் நோக்கத்தோடு மனிதரில் மிகுதியாகச் சோதிக்கப்பட்ட மருந்தின் பரம்பரைக் கதையில் நம் மலைக்கும் இடம் இருக்கிறது. அதை நாமே மறந்துவிட்டோம். 1860களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்கோனா மரத்தை, உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டமாக வளர்த்தார். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள் என்பதற்கு நடுவட்டத்துப் பழைய சிறைக் கட்டடம் சாட்சி. சின்கோனாப் பட்டையிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820-இல் பிரித்த குயினைன்தான் நெடுங்காலம் மலேரியாவுக்கு மருந்தாக இருந்தது. குயினைனிலுள்ள குயினோலின் கருவையே தாங்கிய குளோரோகுயின் 1934-இல் ஜெர்மானிய ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கப்பட்டது; அதன் உடன்பிறப்பான ஹைட்ராக்சிகுளோரோகுயினை முடக்குவாதத்துக்காக இன்றும் நம் மருந்தகங்களில் எடுத்துக் கொடுக்கிறோம். இவை காரத்தன்மை உடையவை. லைசோசோமுக்குள் சென்று தங்கி, அதன் அமிலத்தன்மையைக் கெடுத்து, பைகள் அதனோடு இணைவதையும் தடுத்து, தன்னுண்ணலை முடக்குகின்றன.

புற்றுச் செல் தன்னுண்ணலை நம்பிப் பிழைக்கிறது என்றால், அதை இந்த மருந்தால் முடக்கிவிட்டுக் கீமோ கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். கேள்வி நேர்த்தியானது. மெக்சிகோவில் மூளைப் புற்றுள்ள 30 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், குளோரோகுயின் சேர்த்துக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதமாகவும், சேர்க்காதவர்களுடையது 11 மாதமாகவும் இருந்தது. ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. அதே வகைப் புற்றில் ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கதிர்வீச்சோடும் டெமோசோலமைடு என்னும் கீமோ மருந்தோடும் சேர்த்து அமெரிக்காவில் சோதித்து 2014-இல் வெளியிட்டபோது, நாளுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் நோயாளிகளால் தாங்க முடியவில்லை. ஆயுளும் குறிப்பிடத்தக்க அளவில் நீளவில்லை. முற்றிய கணையப் புற்றில் 112 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், இம்மருந்தைச் சேர்த்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் சேர்க்காதவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. இதை மட்டும் படித்தால் வெற்றி என்று கொண்டாடத் தோன்றும். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்களோ, மருந்தைச் சேர்த்தவர்களில் 41 விழுக்காடு, சேர்க்காதவர்களில் 49 விழுக்காடு. அமைப்பு தெரிந்த, அளவு தெரிந்த, லட்சக்கணக்கானோர் பல்லாண்டுகளாகச் சாப்பிட்டுப் பக்கவிளைவுகள் எல்லாம் பதிவான ஒரு மருந்துக்கே நிலைமை இது. கலவை இன்னதென்று தெரியாத ஓர் இலைச்சாறு, தட்டில் வளர்த்த செல்களை மூன்று நாளில் கொன்றது என்பதை வைத்து நாம் எவ்வளவு பேசலாம் என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

இந்த மலை சார்ந்த இன்னொரு பழைய செய்தியையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுவட்டத்துத் தோட்டம் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1866 முதல் 1868 வரை, சின்கோனாவின் நான்கு ஆல்கலாய்டுகளான குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகியவை தனித்தனியே தூய்மைப்படுத்தப்பட்டு, இந்திய மாகாணங்களில் சுமார் 3600 காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிடப்பட்டன. நான்கும் ஏறத்தாழ ஒரேயளவு பயன் தந்தன என்ற முடிவு, விலை உயர்ந்த குயினைனை மட்டுமே நம்ப வேண்டியதில்லை என்பதைக் காட்டியது. குடியேற்ற அரசு அதைச் செய்ததற்குத் தன் படைகளையும் தோட்டங்களையும் காக்கும் நோக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டையைப் பிரித்து, பொருளைத் தனியாக்கி, அளவைக் குறித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, விளைவை எண்ணிச் சொன்ன அந்த முறையைவிட, இன்று நம்மிடம் வரும் ஆய்வேடுகள் சில பின்தங்கியிருப்பது வருத்தம் தருகிறது.

அளவைப் பற்றி ஒரு பத்தி. குர்குமின் குறித்த செல் ஆய்வுகள் பலவற்றில் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) வரை பயன்படுத்துகிறார்கள். தைவானில் நோயாளிகளுக்கு நாள்தோறும் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்டபோதும், இரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சுதல் பலமடங்கு கூடும் என்பது பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்விலிருந்து எல்லோருக்கும் தெரியும்; ஆனால் பைப்பரின் அவ்வாறு செய்வது, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால்தான். மஞ்சளின் சிதைவைத் தடுக்கும் கை, கீமோ மருந்தின் சிதைவையும் தடுக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டுப் “பைப்பரின் கலந்தது” என்பதைச் சிறப்பாக எழுதுகிறார்கள்.

இங்கிருந்துதான் நான் நேரடியாகப் பார்க்கும் இடர் தொடங்குகிறது. இது தேயிலை மலை. பச்சைத் தேயிலையைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் எங்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள். இருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவுக்குக் கொடுக்கப்படும் போர்டெசோமிப் என்னும் மருந்தை, பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி. என்னும் பொருள் நேரடியாகப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது என்று செல்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. வழக்கமாகத் தேநீர் குடிப்பதால் கிடைக்கும் அளவில் அந்தத் தடை தெரியவில்லை என்று 2011-இல் மற்றோர் ஆய்வு வந்தது. ஆகவே மாலையில் ஒரு கோப்பை தேநீர் குடிப்பவரை நான் பயமுறுத்துவதில்லை. செறிவூட்டிய தேயிலைச் சாற்று மாத்திரைகளை வேளைக்கு இரண்டாக விழுங்கும் மைலோமா நோயாளியிடம் மட்டும் உங்கள் மருத்துவருக்கு இது தெரியுமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. “இலைதானே, என்ன செய்யப்போகிறது?” என்பதே பதில்.

ஊசிக்களாவின் கதையும் இத்தகையதே. நீலகிரியின் ஓரங்களில் மஞ்சள் கட்டையும் முள்ளுமாக நிற்கும் அந்தப் புதரில் இருப்பதும், மரமஞ்சள் கொடியில் இருப்பதும் பெர்பெரின்தான். கல்லீரல் புற்றுச் செல்களில் அது எம்-டாரை அடக்கித் தன்னுண்ணலைத் தூண்டுவதாக ஆய்வுகள் உள்ளன. அதே பெர்பெரின், சிறுநீரகம் மாற்றப்பட்ட நோயாளிகளிடம் சைக்ளோஸ்போரின் மருந்தின் இரத்த அளவை உயர்த்துகிறது என்பது மனிதரிலேயே உறுதியான செய்தி. அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியே புற்று மருந்துகள் பலவற்றையும் சிதைக்கிறது. இதற்கு நேர்மாறாக, மேலைநாட்டு மூலிகைக் கடைகளில் விற்கும் ஹைப்பெரிக்கம் செடி அந்த நொதியைப் பெருக்கி, இரினோடெக்கான் என்னும் புற்று மருந்தின் செயல்படும் பகுதியை இரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்தது என்று 2002-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அதே பேரினத்தைச் சேர்ந்த செடிகள் நம் மலையிலும் மஞ்சள் பூப் பூத்து நிற்கின்றன. கொடுக்கும் மருந்தின் அளவு நோயாளிக்குத் தெரியாமலே கூடுவதும் குறைவதும், தன்னுண்ணல் எந்தத் திசையில் போகிறது என்ற நுட்பமான கேள்விக்கு முன்பே அவரைப் பாதித்துவிடும்.

இவ்வளவும் சொன்னதால் செடிகளிலிருந்து மருந்து வராது என்று நான் வாதிடுவதாகக் கருத வேண்டாம். எங்கள் அலமாரியில் உள்ள வின்கிரிஸ்டினும் பாக்லிடாக்ஸலும் எட்டோபோசைடும் செடியிலிருந்து பிறந்தவைதாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டஸ் மரத்தையே பாருங்கள். அமெரிக்காவில் வால், வானி என்ற ஆய்வாளர்கள் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்த கேம்ப்டோதெசின், நம் மரத்திலும் நிறைய இருக்கிறது என்று கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் 1972-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அதை மனிதருக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவு முதலான நச்சு விளைவுகளால் கைவிட வேண்டியதாயிற்று. அது எந்த நொதியைத் தாக்குகிறது என்பது 1985-இல் தெரிந்த பிறகு, அமைப்பைச் சற்று மாற்றி டோபோடெக்கானும் இரினோடெக்கானும் 1996-இல் மருந்தாக ஏற்கப்பட்டன. 30 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் யாரும் மரப்பட்டைக் கஷாயத்தைப் புற்றுக்கு விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. பொருளுக்குத் தேவை பிறந்ததும் மரம் என்ன ஆயிற்று என்பதையும் நாம் பார்த்துவிட்டோம்: தோட்டமாக வளர்க்கும் முன்பே காட்டு மரங்களை வெட்டிக் கட்டையும் சீவலுமாக ஏற்றுமதி செய்தார்கள்.

அதனால்தான் ஊசிக்களாவின் வேரையும் மரமஞ்சளின் தண்டையும் பற்றிய ஒவ்வொரு பரபரப்புச் செய்தியும் எனக்குக் கவலை தருகிறது. இலையைக் கிள்ளினால் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் அந்தப் புதர் இல்லை. ஆய்வுக்குப் பத்துக் கிலோ வேர் வேண்டும் என்று மாணவர் கேட்டால், அதை எங்கிருந்து, யார் தோண்டி, எந்த உரிமையில் கொடுத்தார் என்று நீங்கள் கேட்க வேண்டும். குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் பழனி மலையில் பளியரும் சொல்லித்தான் பல செடிகளின் பயன் நமக்குத் தெரிகிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் அதன்கீழ் உள்ளாட்சிதோறும் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும் இருப்பது, அந்த அறிவுக்கும் பொருளுக்கும் உரியவர்களைக் கேட்காமல் யாரும் பயனடையக் கூடாது என்பதற்காகத்தான். “உள்ளூர்ப் பழங்குடியினர் பயன்படுத்துகிறார்கள்” என்ற ஒற்றை வரியை முன்னுரையில் எழுதிவிட்டு, எந்தக் குடி, எந்த நோய்க்கு, எப்படி என்று சொல்லாமல் கடந்துபோவது மரியாதை ஆகாது. அவர்கள் காய்ச்சலுக்கோ காயத்துக்கோ கொடுத்ததை நாம் புற்றுக்கு என்று மாற்றிவிட்டு அவர்கள் பெயரைச் சாட்சிக்கு இழுப்பது அதைவிடத் தவறு. செடியின் அடையாளமும் அப்படியே. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகம் இருக்கும்போது, சான்று மாதிரி வைக்காமல் வட்டாரப் பெயரை மட்டும் நம்பி எழுதிய ஆய்வை மறுபடி யாரும் செய்து பார்க்க முடியாது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தன்னுண்ணல் பற்றிய ஆய்வுத் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, தூண்டலா அடைப்பா என்பதை அடைப்பானோடு ஒப்பிட்டுக் காட்டாமல் அதை ஏற்காதீர்கள். சாற்றின் விளைவைத் தனியாக மட்டும் பார்க்காமல், அந்தப் புற்றுக்கு நம் மருத்துவமனைகளில் உண்மையில் கொடுக்கும் மருந்தோடு சேர்த்தும் பார்க்கச் சொல்லுங்கள். சேர்த்தபோது மருந்தின் வீரியம் குறைந்தால் அந்த முடிவையும் அதே அழுத்தத்தோடு வெளியிட ஊக்கம் கொடுங்கள், ஏனென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே மிகவும் பயன்படும் முடிவு. புற்றற்ற செல்களுக்கு அந்த அளவு என்ன செய்கிறது என்பதையும், மனித இரத்தத்தில் அந்த அளவு எட்டக்கூடியதா என்பதையும் ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். ஆய்வு முடிந்ததும் செய்தியாளரிடம் பேச நேர்ந்தால், இது தட்டில் வளர்த்த செல்லில் கண்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரரைக் குறைசொல்வது எளிது; 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம் புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கடைக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் நம் ஆய்வகங்களிலிருந்து போன வாக்கியம்.

ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை சிறியது, காலம் குறுகியது, பாஃபிலோமைசினுக்கு ஆகும் செலவு பெரிது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதை நானும் அறிவேன். குளோரோகுயின் விலை மலிவு. ஒப்பீட்டுக்கு அது போதும், எந்த வேதிப்பொருள் விற்பனையாளரிடமும் கிடைக்கும். இரண்டு ஆய்வேடுகளுக்கான செலவை ஒன்றில் போட்டு, ஐந்து செடிகளின் சாற்றை மேலோட்டமாகப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு செடியின் ஒரு பொருளைத் தனியாக்கி முழுமையாகப் பார்த்தால் நேரமும் மிச்சம், வேரும் மிச்சம்.

என் பங்குக்கு ஒன்றைச் செய்ய அணியமாக இருக்கிறேன். சிகிச்சையில் இருக்கும் நோயாளிகள் எந்தெந்த மூலிகைப் பொருள்களை எந்தெந்தப் புற்று மருந்துகளோடு சேர்த்து உண்கிறார்கள் என்பதை, அவர்கள் பெயரோ அடையாளமோ இல்லாமல், அவர்கள் ஒப்புதலோடும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் பட்டியலாகத் தொகுத்துத் தர, என்னைப் போன்ற மலைப்பகுதி மருந்தாளுநர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். எந்தச் செடியை எந்த மருந்தோடு முதலில் சோதிக்க வேண்டும் என்று உங்கள் மாணவர்கள் முடிவுசெய்ய அந்தப் பட்டியல் உதவும் என்றால், எந்தக் கல்லூரியிலிருந்து கேட்டாலும் கொடுக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
குன்னூரைச் சேர்ந்த ஒரு மருந்தாளுநர்